கறுப்புக் காரில் இரண்டு வகை வெள்ளைப் புள்ளி: வெள்ளவத்தையில் ஒரு நிகழ்வு ஆய்வு

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே உள்ள ஒரு தொடர்மாடியிலிருந்து எங்கள் பட்டறைக்கு வந்த கார் இது. டொயோட்டா பிரீமியோ. நிறக் குறியீடு 202, அதாவது மினுங்கும் துகள் எதுவும் கலக்காத தனிக் கறுப்பு. இந்தக் கறுப்போடு மல்லுக்கட்டியவர்களுக்கு அதன் குணம் தெரியும். கழுவித் துடைத்த கையோடு பார்த்தால் அதைப்போல அழகு வேறெதிலும் இல்லை. ஆனால் மேல்பூச்சு மென்மையானது. துணி கொஞ்சம் கரடாக இருந்தாலே கோடு விழும். எந்தக் குறையையும் மறைத்துத் தராது.

சொந்தக்காரர் ஓய்வுபெற்ற கணக்காளர். ஊர் யாழ்ப்பாணத்து வலிகாமம், இருப்பு கொழும்பு. அவருடைய முறைப்பாடு ஒரே வரிதான்: "தம்பி, கழுவினால் போகுது, காய்ஞ்சால் வருது." கேட்கப் பேய்க்கதை மாதிரி இருந்தாலும் நோயை இதைவிடத் திருத்தமாகச் சொல்ல முடியாது. வன்னீர்ப் புள்ளி, அதாவது சுண்ணாம்பு கரைந்த கடின நீர் காய்ந்து விடும் வெள்ளைத் தடம், ஈரத்தில் கண்ணில் படாது. படிவின் கரடுமுரடைத் தண்ணீர் நிரப்பிவிடுவதால் ஒளி ஒழுங்காகத் திரும்பிவரும். காய்ந்ததும் அதே சுண்ணாம்புத் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும், கறுப்பின்மேல் வெள்ளையாகத் தெரியும். பக்கத்தில் நிற்கிற வெள்ளிநிறக் காரிலும் அதே அளவு படிந்திருக்கலாம், அங்கே யாரும் கவனிப்பதில்லை.

அவருக்கு இன்னொரு மனக்குறையும் இருந்தது. ஒரு வருடத்துக்கு முன்தான் செரமிக் கோட்டிங் அடித்திருந்தார். "அவ்வளவு காசு குடுத்தும் ஏன் இப்பிடி?" என்ற கேள்வியோடுதான் வந்தார். அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

யார்மேல் சந்தேகம்

வரும்போதே அவரிடம் குற்றவாளிகளின் பட்டியல் இருந்தது. முதலாவது, மரைன் டிரைவிலிருந்து வரும் கடல் காற்று. இரண்டாவது, வழக்கமாகக் கழுவக் கொடுக்கும் சேர்விஸ் நிலையம். மூன்றாவது, தொடர்மாடியின் மேல்வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர்.

கடல் காற்றை உடனே விட்டுவிடலாம். "உப்பெண்டால் ஒரு வாளித் தண்ணியோட போயிருக்கோணும் அண்ணை" என்றேன். கடல் உப்பு தகரத்தைத் தின்னும், அது வேறு கதை. ஆனால் அது தண்ணீரில் உடனே கரையும். இவருடைய காரில் பிரஷர் வொஷ் அடித்தும் அசையாமல் இருந்தது கரையாத படிவு.

ஏசித் தண்ணீரும் நிரபராதி. அது காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து ஒடுங்கிய தண்ணீர். கிட்டத்தட்ட வடித்த நீர்தான். விழுந்து தெறித்தால் தூசி வளையம் விடும், சுண்ணாம்பு விடாது. சேர்விஸ் நிலையத்தில் பாவிப்பது பைப் தண்ணீர். கொழும்பின் பைப் தண்ணீர் பெரும்பாலும் களனி கங்கையிலிருந்து அம்பத்தளையில் சுத்திகரித்து வருவது. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. எல்லாம் மழை நீர் பாறைமேல் ஓடிச் சேர்ந்த மென்னீர். கொழும்பு வீட்டுக் கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும், வருடக்கணக்காகக் கொதிக்க வைத்தாலும் வெள்ளை ஏறாது.

அப்படியானால் கொழும்புக் காரில் வன்னீர்ப் புள்ளி எங்கிருந்து வந்தது?

புள்ளியின் உருவமும் இடமும்

இந்த வேலையில் பலர் புள்ளியைக் கண்டதும் போத்தலைத் தேடுகிறார்கள். நான் முதலில் எல்ஈடி டோர்ச்சைத்தான் எடுப்பேன். எந்தப் பகுதியில், எந்த அளவில், எந்த ஒழுங்கில் இருக்கிறது என்று பார்த்தால், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைக் கார் பாதி சொல்லிவிடும்.

இந்தக் காரில் இரண்டு வெவ்வேறு கதைகள் இருந்தன. முதலாவது, மிளகு அளவிலிருந்து கடலை அளவு வரையான மெல்லிய வளையங்கள். நடு தெளிவாக இருக்கும், விளிம்பு வெள்ளையாக இருக்கும். துளி காயும்போது கரைந்திருந்த பொருள் ஓரத்துக்கு ஒதுங்குவதால் வருவது அந்த வளையம். போனெட், கூரை எங்கும் இறைந்து கிடந்தது. அதோடு பக்கக் கண்ணாடியின் கீழும் கதவுக் கைபிடிகளின் கீழும் வால் பிடித்த கோடுகள். மழைத் தூறலோ தோட்டக் குழாய்த் தெறிப்போ இந்தக் கோட்டைப் போடாது. கழுவிவிட்டுத் துடைக்காமல் விட்ட கார்தான், இடுக்கில் நின்ற தண்ணீரை மெல்ல மெல்லக் கீழே விடும். இன்னொன்று, வலது பக்கக் கதவுகளில் இடதைவிடப் புள்ளி தடிப்பாக இருந்தது. ஊருக்குப் போகும்போது அங்கே கார் எப்படி நிற்கும் என்று கேட்டேன். முற்றத்தில், வலது பக்கம் பின்னேர வெயிலைப் பார்த்தபடி நிற்கும் என்றார். கிணற்றில் மோட்டர் போட்டு, மருமகன் மத்தியானத்தில் கழுவிவிடுவாராம். பயணத் தூசி போகட்டும் என்று நல்லெண்ணத்தில் செய்கிற வேலை.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. குடாநாட்டின் அடி மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். மழை நீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டை ஏந்திக்கொண்டு கீழே இறங்கும்போது அந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கல்சியம் இருகாபனேற்றாகக் கொண்டுவரும். சவர்க்காரம் நுரைக்க மறுப்பதும் கேத்திலின் அடியில் ஓடு கட்டுவதும் இதனால்தான். காரின் மேல் நடப்பதும் அதேதான். துளி காயும்போது காபனீரொட்சைட்டு பறந்துபோகிறது, இருகாபனேற்று கரையாத கல்சியம் காபனேற்றாக மாறி ஒட்டிக்கொள்கிறது. கறுப்புத் தகடு நேர் வெயிலில் 60 பாகை செல்சியசையும் தாண்டிச் சூடேறும். அந்தச் சூட்டில் துளி நிமிடக் கணக்கில் காய்ந்துவிடும். மேல்பூச்சும் இளகியிருப்பதால் படிவு உள்ளே கடிக்கத் தொடங்கும்.

இரண்டாவது கதை பின்னால் இருந்தது. கூரையின் பின்விளிம்பிலும் பூட் மூடியிலும் நாணய அளவில், தடித்த, மேடு கட்டிய வெள்ளைப் பொருக்குகள். விரலால் தடவினால் நெருடும். எல்லாம் ஒரு சாண் அகலத்துக்குள், ஒரே நேர்கோட்டில். மழை ஒரு கோட்டில் பெய்யாது. கார் கழுவுகிற தண்ணீரும் கோடு பிடித்து நிற்காது.

அதைக் கண்டதும், கார் நிற்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவரோடு கிளம்பினேன்.

அடித்தளத் தரிப்பிடம்

அவருடைய தரிப்பிடம் அடித்தளத்தில் ஒரு மூலையில். அண்ணாந்து பார்த்ததும் விஷயம் விளங்கியது. கொங்கிரீட் தட்டில் ஒரு வெடிப்பு, வெடிப்பின் நீளத்துக்கு வெள்ளைக் கசிவு, அதிலிருந்து தேநீர் உறிஞ்சும் ஸ்ட்ரோ தடிப்பில் குட்டிக் குட்டிச் சுண்ணாம்பு விழுதுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. தட்டுக்கு மேலே திறந்தவெளியில் பூம்பாத்தி, அதற்குக் காலையில் குழாயால் தண்ணீர் விடுகிறார்கள். நீர் கசியாமல் தடுக்கும் பூச்சு எங்கோ விட்டுப்போய்விட்டது.

இது கிணற்று வன்னீர் இல்லை, அதைவிட மோசம். மென்னீரே ஆனாலும், வெடிப்பு வழியாக இறங்கும்போது சீமெந்தில் மிச்சமிருக்கும் கல்சியம் ஐதரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு வரும். நிறைந்த சுண்ணாம்பு நீரின் பீஎச் 12.4 அளவில் இருக்கும், கடுமையான காரம். வெளியே வந்ததும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து கல்சியம் காபனேற்றாக இறுகும். விழுது வளர்வதும் இப்படித்தான், காரின்மேல் பொருக்கு ஏறுவதும் இப்படித்தான். கிணற்றுத் தண்ணீர் முதலில் படிவைத்தான் விடும், வெயிலில் கிடந்தால்தான் கடிக்கும். இது முதலில் மேல்பூச்சைக் காரத்தால் சுட்டுவிட்டு, அந்தப் புண்ணின்மேல் படிவை வைக்கும்.

பீஎச் தாளை ஒரு விழுதின் நுனியில் தொட்டேன். கடும் நீலமாக மாறியது. சொந்தக்காரர் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் பாவம் மேல்வீட்டுக்காரரோட ஏசிக்கெல்லோ சண்டை பிடிச்சனான்" என்றார்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பீஎச் தாளை விழும் துளியில்தான் வைக்க வேண்டும். காரில் காய்ந்து இறுகிய பொருக்கில் வைத்தால் ஒன்றும் தெரியாது. அதற்குள் அது காபனேற்றாக மாறி அடங்கிவிட்டிருக்கும்.

தண்ணீரை அளந்தது

ஊகம் சரிதானா என்று பார்க்க ஊர்க் கிணற்றுத் தண்ணீரும் தேவைப்பட்டது. அவருடைய தங்கை இரவு பஸ்ஸில் வரும்போது ஒரு போத்தலில் கொண்டுவந்தார். பரிசோதனைக்கு நான் பாவிப்பது மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் வன்மைச் சொட்டுக் கிட். ஐந்து மில்லிலீற்றர் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, செம்மஞ்சள் பச்சையாக மாறும்வரை எண்ண வேண்டும். ஒரு சொட்டு ஒரு ஜெர்மன் பாகை, அதாவது லீற்றருக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமன். வெள்ளவத்தைப் பைப் தண்ணீர் மூன்றாவது சொட்டுக்குள் பச்சையாகிவிட்டது. ஊர்த் தண்ணீர் இருபது சொட்டைத் தாண்டியும் செம்மஞ்சளாகவே நின்றது. லீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் போனாலே மிகக் கடின நீர் என்பது அமெரிக்கப் புவியியல் அளவையகத்தின் வகைப்பாடு. இது அதன் இரு மடங்குக்குக் கிட்ட.

இந்த இடத்தில், தண்ணீரில் கரைந்திருக்கும் பொருளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீற்றரைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் அதைத்தான் வாங்கி வைத்திருக்கிறார்கள், மலிவு. ஆனால் அது தண்ணீரின் மின்கடத்தலைத்தான் அளக்கிறது. கறியுப்புக் கலந்தாலும் இலக்கம் ஏறும், சுண்ணாம்பு கலந்தாலும் ஏறும். கடலோரக் கிணறுகளில் உவர் ஏறியிருந்தால் அந்த இலக்கத்தை வைத்து வன்மையைச் சொல்லவே முடியாது. இலக்கம் பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் அதன் பயன்.

எடுத்த விதம்

முதலில் நல்ல ஷம்பூ போட்டுக் கழுவி, நிழலில் வைத்து, தகடு கைக்குக் குளிரும்வரை விட்டோம். அமிலம் எதுவானாலும் சூடான தகட்டில் படக்கூடாது.

மெல்லிய வளையங்களுக்குக் கடை வினாகிரியே போதும். நான்கு, ஐந்து வீத அசற்றிக் அமிலம். அதில் அதே அளவு தண்ணீர் கலந்துகொள்ளலாம். நிறமில்லாத, தெளிந்த வினாகிரியாக எடுங்கள். மைக்ரோபைபர் துணியை நனைத்துப் புள்ளிகள்மேல் படுக்க வைத்து, ஒரு நிமிடம், கூடினால் இரண்டு நிமிடம் விட்டு, அழுத்தாமல் வழித்தெடுத்து, உடனே நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். காயவிட்டால் நாம் போட்டதே ஒரு புதுப் புள்ளி. குரோம் பட்டி, அலுமினியம், கீறல் விழுந்து தகரம் தெரியும் இடம் ஆகியவற்றில் படாமல் பார்க்க வேண்டும். கடைசியில் முழுக் காரையும் இன்னொரு தரம் ஷம்பூவால் கழுவினோம்.

தேசிக்காய் போடலாமா என்று கேட்காதவர் இல்லை. சித்திரிக் அமிலமும் சுண்ணாம்பை உடைக்கும்தான், ஆனால் அதனால் உண்டாகும் கல்சியம் சித்திரேற்று தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. அசற்றேற்று நன்றாகக் கரையும், தண்ணீரோடு போய்விடும். ஆகவே தேசிக்காயைத் தேநீருக்கு வையுங்கள். கழிவறை கழுவும் அமிலத்தைக் காரில் ஊற்றிப் பார்த்தவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் செய்ய அதிகம் இருப்பதில்லை.

வினாகிரியோடு வளையங்களில் பெரும்பகுதி போய்விட்டது. வலது பக்கக் கதவுகளில் மட்டும் படிவு போன இடத்தில் நிழல் மாதிரி ஒரு தடம் மிச்சம். நகத்துக்குத் தட்டுப்படாது, டோர்ச்சைச் சாய்த்தால் தெரியும். இது படிவு இல்லை, மேல்பூச்சில் விழுந்த கடி. இதற்குமேல் எவ்வளவு அமிலம் போட்டாலும் பயனில்லை, பொலிஷ்தான் வழி. பலர் இங்கேதான் பிழைவிடுகிறார்கள்: போகாத தடத்தைப் போகாத படிவு என்று நினைத்து இன்னும் கடுமையான அமிலத்துக்குப் போவது.

மென்மையான கறுப்பு என்பதால், பூச்சில் ஒட்டிய அழுக்கை உரசி எடுக்கும் களிமண் கட்டியை நான் பாவிக்கவில்லை. அது விடும் மெல்லிய மங்கலை எடுக்கவே இன்னொரு தரம் பொலிஷ் பண்ண வேண்டியிருக்கும். சுழன்று அதிரும் டிஏ மெஷினில், மென்மையான பஞ்சு, மிக நுண்ணிய பொலிஷ், குறைந்த வேகம். ஒரு சாண் சதுரத்தில் செய்து பார்த்து, அற்ககோல் கலந்த நீரால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, தடம் உண்மையில் போனதா, எண்ணெய்க்குள் ஒளிந்ததா என்று உறுதி செய்த பிறகுதான் முழுக் கதவுக்கும் போனோம். பொலிஷ் பட்ட இடங்களில் பழைய கோட்டிங்கும் போய்விடும், அதை வேலைக்கு முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன்.

பூட் மூடி

பொருக்குகள் வேறு வேலை. துணி படுக்க வைத்தால் மேலோடு மட்டும் நனையும். ஒவ்வொரு பொருக்கின்மேலும் வினாகிரியில் ஊறிய ஒரு சிறு பஞ்சுத் துண்டை வைத்தோம். காதைக் கிட்டக் கொண்டுபோனால் சிறு இரைச்சல் கேட்கும். ஓரத்தில் குமிழி குமிழியாகக் காபனீரொட்சைட்டு வெளியேறும். குமிழி நின்றால் அமிலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். பஞ்சை எடுத்து, கழுவி, புதிதாக வைக்க வேண்டும். இடையில் பட்டறைப் பையன் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டப் போனான், தடுத்தேன். பொருக்குக்குள் தூசியும் மணலும் கலந்து இறுகியிருக்கும். அதை இழுத்தால் மேல்பூச்சு முழுவதும் கோடு. பொறுமையாக விட்டால் கடைசிப் பொருக்குத் தானாகக் கழன்று வழுக்கும்.

பொருக்குகள் போனதும் அடியில் நாங்கள் எதிர்பார்த்ததுதான் இருந்தது. மங்கிய வட்டம், சில வட்டங்களின் நடுவில் விரலுக்கே தட்டுப்படும் பள்ளம். தடிப்பு மானியை வைத்தோம். மொத்தப் பூச்சு நூறு மைக்ரோனைச் சுற்றி நின்றது, தொழிற்சாலைப் பூச்சுத்தான். அதில் நிறமில்லாத மேல்பூச்சு வழக்கமாக 35 முதல் 50 மைக்ரோன். வெயிலைத் தாங்குவது அந்தப் படைதான். நுண்ணிய பொலிஷ் ஒரு தரம் ஓட்டினால் ஒன்று, இரண்டு மைக்ரோன் போகும். பள்ளத்தின் அடிவரை இறங்க வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள நல்ல பூச்சு முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டும்.

சொந்தக்காரர் முழுக்க எடுத்துத் தரச் சொன்னார். நான் மறுத்தேன். எடுக்கலாம், அன்று போகும்போது மகிழ்ச்சியாகவும் போவார். இரண்டு, மூன்று வருடத்தில் கொழும்பு வெயில் பூட் மூடியின் தோலை உரித்துவிடும். வட்டங்களின் மங்கல் போகும்வரை பொலிஷ் செய்து, பள்ளங்களின் விளிம்பை மழுங்கச் செய்து, நடுக்குழியை அப்படியே விட்டோம். இரண்டு அடி தள்ளி நின்றால் தெரியாது. குனிந்து பார்த்தால் ஐந்தாறு குழிகள் தெரியும். உறுத்தினால் பூட் மூடியை மட்டும் மறுபூச்சு அடிக்கலாம் என்றேன். யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். இந்த நாட்டில் தொழிற்சாலைப் பூச்சோடு இருக்கும் கார், விற்கும்போது தனி விலை போகும் என்பது கணக்காளருக்குத் தெரியாதா?

முன் கண்ணாடியிலும் வளையம் இருந்தது. கண்ணாடி அமிலத்துக்கு அசையாததால் அங்கே வேலை லேசு, பெரும்பகுதி வினாகிரியோடு போனது. மிச்சத்துக்குச் சீரியம் ஒக்சைட்டுப் பொலிஷ்.

இனி வராமல் இருக்க

கோட்டிங் கேள்விக்கு வருவோம். செரமிக் கோட்டிங் தண்ணீரை ஒட்டவிடாமல் முத்து முத்தாக உருட்டும். கார் ஓடினால் முத்துகள் உருண்டோடிவிடும். நிற்கிற காரில், தட்டையான போனெட்டில், அவை அப்படியே நின்று காயும். பரந்து மெல்லியதாகக் காய வேண்டிய சுண்ணாம்பு ஒரே புள்ளியில் குவியும். கோட்டிங் இருந்ததால் கடி ஆழமாகப் போகவில்லை என்பது உண்மை, புள்ளி வராது என்று யாராவது சொல்லியிருந்தால் அது பொய். சீமெந்துக் காரத்தை அது நெடுநாள் தாங்காது.

ஊரில் கழுவுவதைப் பற்றி நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை: கழுவாதீர்கள். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் தூசியோடு நிற்கட்டும், அதே தூசியோடு கொழும்புக்குத் திரும்பி வரட்டும். தூசி சும்மா இருந்தால் பூச்சுக்கு ஒன்றும் ஆகாது, காய்ந்த துணியால் துடைத்தால்தான் கேடு. பறவை எச்சம் விழுந்தால் மட்டும் போத்தல் தண்ணீரால் அந்த இடத்தை நனைத்து எடுங்கள். "கோயிலுக்கு ஊத்தைக் காரிலயோ போறது?" என்று கேட்டார். சரி, அப்படியானால் வெயில் சாய்ந்த பிறகு, தகடு ஆறிய பிறகு, ஒரு பகுதியைக் கழுவி, அது காயமுன் பெரிய மைக்ரோபைபர் துவாயால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். முழுக் காரையும் நனைத்துவிட்டு வந்து தேநீர் குடிக்கக்கூடாது. சவர்க்காரம் வேண்டாம், அது வன்னீரில் திரிந்து படலமாக ஒட்டும், கார் ஷம்பூ திரியாது. கடைசி அலசலுக்கு மாரி காலத்தில் பீப்பாயில் பிடித்த மழை நீர் இருந்தால் அதைவிட நல்லது இல்லை.

கொழும்பில் அவருக்கு அது இன்னும் சுலபம். வீட்டு ஏசிக் குழாயின் கீழ் ஒரு வாளி வைத்தால், ஈரப்பதன் கூடிய இந்த ஊரில் இரவோடு நிறையத் தேறும். மெல்லிய துணியால் வடித்து, தோட்டத்துப் பூவாளியால் மேலிருந்து ஊற்றினால் காய்ந்த பிறகும் தடம் விழாது. நாங்கள் பட்டறையில் கடைசி அலசலுக்கு அயன் நீக்கிய தண்ணீர் பாவிக்கிறோம், ஒரு காருக்காக அதை வாங்கச் சொல்லமாட்டேன். சந்தையில் விற்கும் மென்னீராக்கி வேறு பொருள். அது கல்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கும்; புள்ளி வரும், ஆனால் தண்ணீரோடு போகும்.

அடித்தளத்து விஷயம் இழுத்தடித்தது. நிர்வாகக் குழு முதலில் கார் உறை போடச் சொன்னது. உறை துளியை உறிஞ்சி, காரத்தை ஈரத்தோடு பூச்சின்மேல் பிடித்து வைத்திருக்கும், அது இன்னும் கெடுதல். பீஎச் தாளையும் படங்களையும் வைத்துக் கடிதம் எழுதிய பிறகு, வெடிப்பின் கீழே ஒரு தகரப் பீலியைச் சரிவாகப் பொருத்தித் தண்ணீரை வடிகாலுக்குத் திருப்பிவிட்டார்கள். மேலே பாத்தியைக் கிளறி நீர்க்காப்புப் பூச்சைப் புதிதாகப் போடும்வரை கசிவு நிற்காது, அதற்கு இன்னும் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை பீலியை மாதம் ஒரு முறை தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதற்குள்ளும் சுண்ணாம்பு அடைத்து வழியும். பிரீமியோவை எதிர்ப்பக்கத் தரிப்பிடத்துக்கு மாற்றிவிட்டார். பழைய இடத்துக்கு ஒரு வெள்ளை வான் வந்திருக்கிறது. அதன் கூரையில் இன்னும் ஒன்றும் இல்லை, நான் தடவிப் பார்த்தேன்.